மார்ஃபின் மாத்திரை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரட்டும்: ஒரு மகளின் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தாலுகா மருத்துவமனைகளை நடத்திவரும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனாள். இறந்ததற்காக யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நோய் முற்றிய பிறகுதான் தெரியவந்தது. ஆன மட்டும் வைத்தியம் பார்த்தார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தோம், கீமோ ஏற்றினோம், கைக்காசு அதிகம் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே நடமாடினாள். அப்புறம் நோய் திரும்பிவிட்டது. இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் எழுத வந்தது நோய் திரும்பியதற்கும் அவள் கண் மூடியதற்கும் நடுவில் இருந்த மாதங்களைப் பற்றி. அதில் பாதிக்கு மேல் அவள் வலியில் கிடந்தாள். இடுப்பில் தொடங்கி இடது தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்குகிற வலி. அதற்கு மருந்து இருக்கிறது, மார்ஃபின். வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற சாதாரண மாத்திரை, ஒன்று சில ரூபாய்தான். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர அத்தனை மாதம் பிடித்தது.

அவள் எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதிக் கதை புரியாது.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். மழை பெய்தால் உளுந்தும் மல்லியும், பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். அப்பா கிடை போட ஆடு ஓட்டிக்கொண்டு போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். அதனால் வீடு அம்மா கையில்தான் இருந்தது. பகலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவாள். ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். மெஷின் வருவதற்கு முந்தைய காலம் அது. குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. அந்தப் பசை காய்ந்து அவள் விரல் நுனியெல்லாம் எப்போதும் சொரசொரப்பாக இருக்கும். காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் உறுத்தும்.

தியாகி, தெய்வம் என்றெல்லாம் அவளை எழுத எனக்கு விருப்பமில்லை. வாய் கொஞ்சம் நீளம். காசு விஷயத்தில் கறார். பருப்பு டப்பாவுக்குள் அவள் ஒளித்துவைத்த பணம் அப்பாவுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கி வருவாள். அதை எங்களுக்குப் பங்கு வைக்கும்போது நிறுத்துக் கொடுத்ததுபோல இருக்கும். பாட்டி விட்டுப்போன பாம்படத்தை விற்று என்னை டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தாள். அதை என்னிடம் சொல்லவே இல்லை. சித்தி வாய் தவறி உளறித்தான் தெரியும்.

உடம்புக்கு முடியவில்லை என்று அவள் படுத்து நான் பார்த்ததில்லை. தீக்குச்சி உரசிப்போய்க் கை வெந்தபோதும் ஒரு வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு மறு கையால் சோறு போட்டாள். ஆகவே ஊரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, பொறுமைசாலி. கடைசியில் அந்தப் பெயரே அவளுக்கு வினையாகப் போய்விட்டது.

நோய் திரும்பிய பிறகு முதன்முறை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது பல ஊர்களிலும் நடப்பதுதான் என்று பிறகு பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன். இளம் டாக்டர், மரியாதையானவர். "வலி பத்துக்கு எத்தனை இருக்கும் பாட்டி? பத்துன்னா தாங்கவே முடியாத வலி" என்று விளக்கமாகவே கேட்டார்.

அம்மா யோசித்துவிட்டு, "ரெண்டு இருக்கும்யா" என்றாள்.

முந்தின நாள் ராத்திரி முழுக்கச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தவள் அவள். வெளியே வராண்டாவுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டைக்குப் போனேன். "ஆறு ஏழுன்னு சொன்னா பெட்டுல சேத்துருவாக. நீ லீவு போடணும். பிள்ளைகளுக்குப் பரீச்சை வருதுல்ல, பேசாம வா தாயி" என்றாள். பரீச்சை என் பிள்ளைகளுக்கு இல்லை, நான் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்கு.

இரண்டு என்று கேட்டவர் இரண்டுக்கு உரிய மருந்தை எழுதினார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வலியை எண்ணில் சொல்லமாட்டார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ராத்திரி தூங்கினீர்களா, கொல்லைக்கு நடந்து போக முடிகிறதா, சோறு இறங்குகிறதா, கூட வந்தவர்களே நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் எட்டோ ஒன்பதோ தானாக வந்திருக்கும்.

அப்புறம் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், டிரமடால் என்று படிப்படியாக ஏறியது. டிரமடாலுக்கு ஓர் எல்லை உண்டு. நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வாந்தி, சிலருக்கு வலிப்புகூட வரும். அந்த எல்லையைத் தொட்ட பிறகும் வலி அடங்கவில்லை. வலி உச்சத்துக்குப் போகும்போது அம்மா கத்தமாட்டாள். சேலை முந்தானையை எடுத்து விரலால் மடிப்பாள், ஓரத்தைத் தேய்ப்பாள், திரும்பவும் மடிப்பாள். பெட்டி ஒட்டுகிற கைப்பழக்கம். மடிப்பு வேகமாகிவிட்டால் வலி கூடிவிட்டது என்று அர்த்தம். ஊரில் பாதி ஆட்டை விற்றுவிட்டு வந்து சேர்ந்த அப்பா, கோடாலித் தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து அவள் இடுப்பில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மார்ஃபின் கிடைக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். அதெல்லாம் கடைசியில் கொடுக்கிறது, கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்றார். அறுபதைத் தாண்டி, உடம்பெல்லாம் புற்று பரவிக் கிடக்கிற ஒருத்தி எதற்கு அடிமையானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்க வாய் வரவில்லை. மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வழி காட்டியவர் வீட்டுக்கு வந்த ஒரு செவிலியர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் எங்கள் தெருவே அவரைக் கும்பிடும். மூத்திரக் குழாய் மாற்றுவார், படுக்கைப்புண் வராமல் அம்மாவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா முந்தானையை மடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இதுக்கு மார்ஃபின் கொடுத்தா அடங்கும். என் பையில அது இல்ல, கொண்டு வரவும் எனக்கு அனுமதி இல்ல" என்று ஒரு துண்டுத் தாளில் ஓர் ஊர்ப் பெயரும் புறநோயாளிப் பிரிவு நடக்கும் கிழமையும் எழுதிக் கொடுத்தார்.

அங்கே போனோம். இரண்டு பேருந்து மாறி, பின் சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் பல்லைக் கடிக்க. அந்த டாக்டர் எண் எதுவும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தார், ராத்திரி எப்படிப் போகிறது என்று என்னைக் கேட்டார். மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா, கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்தார். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மார்ஃபின் உடம்பில் தங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டும் அல்லது மருந்தையே மாற்ற வேண்டுமாம். பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரி எழுப்பிக் கொடுக்காமல் விடியும்வரை தூங்குவதற்காக. "வலி வந்தா போடுறது இல்லம்மா இது. வலி வர்றதுக்கு முன்னாடியே போடுறது" என்றார். கூடவே மலம் இளக்க ஒரு மாத்திரை. இதை விட்டுவிட்டால் மலச்சிக்கல் தாங்காமல் நோயாளி மார்ஃபினே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், ஆகவே மார்ஃபினை மறந்தாலும் இதை மறக்காதே என்று ஒரு வார்த்தை வேறு சொல்லி அனுப்பினார்.

ஒரு கையேட்டில் எண்ணிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

முதல் இரண்டு நாள் குமட்டல், மயக்கம்போலத் தூக்கம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து கம்மங்கஞ்சி கேட்டாள், மோர் மிளகாயோடு. தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிடச் சொன்னாள். எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட பிறகு தெருத் திண்ணையில் உட்கார வைக்கச் சொல்லி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு வம்பு பேசினாள். எதிர்வீட்டு மதினி ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப்போன அண்டாவைத் திருப்பித் தரவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அண்டா வந்தது. அப்பாவிடம் பருப்பு டப்பா ரகசியத்தை அவளே உடைத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே, "அது தெரியாமலா அப்பப்ப அதுல கை வச்சேன்" என்றார். குழுவில் அவள் பெயரில் இருந்த சேமிப்பு, யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யாரிடம் வரவேண்டியது, எல்லாம் வாயாலேயே சொன்னாள், நான் நோட்டில் எழுதினேன். என் தம்பிக்குப் பெண் பார்க்கும்போது எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது, பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

அடிமையாகவும் இல்லை, சுயநினைவு தப்பவும் இல்லை. வலி கூடக் கூட அளவைக் கூட்டினார்கள். மார்ஃபினுக்கு டிரமடால் மாதிரி உச்சவரம்பு கிடையாது, பார்த்துப் பார்த்து ஏற்றலாம். கடைசி வாரம் வரை அவள் எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இறந்ததும் நிம்மதியாகத்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "எப்படிப் பொறுத்தா மகராசி! வாயத் தொறந்து ஒரு நா வலிக்குதுன்னு சொல்லிருப்பாளா?" நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. அந்தப் புகழ்ச்சிக்காக அவள் எத்தனை ராத்திரி சுவரில் சாய்ந்து கிடந்தாள்? அம்மாக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று வீடு நம்புகிறது, பாட்டி பொறுமைசாலி என்று ஆஸ்பத்திரியும் நம்புகிறது, மருந்து இல்லாத குறை யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

ஏன் இல்லை என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. மார்ஃபின் எடுப்பது அபினிலிருந்துதான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் கொடுத்து அபின் பயிரிட வைக்கிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலைகள் அதைப் பக்குவப்படுத்துகின்றன. வெளிநாட்டு மருந்து கம்பெனிகளுக்கு நாம் ஏற்றுமதியே செய்கிறோம். ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டு நோயாளி வீட்டுக் கதவிலும் விழுந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்திருக்க நாலைந்து உரிமம் வாங்க வேண்டும், ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் பிசகினால் பத்து வருஷம் ஜெயில் என்ற பயம் வேறு. 1997-ல் இந்தியா முழுமைக்கும் ஒரு வருஷத்தில் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ.

2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகாரம் கொடுத்தால் போதும், அந்த ஒரே அனுமதியில் ஆஸ்பத்திரி மார்ஃபினை வாங்கலாம், வைக்கலாம், நோயாளிக்குக் கொடுக்கலாம். அதாவது சட்டம் வழிவிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரணச் சிகிச்சை, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து அளவில் செவிலியர் வீடு வீடாகப் போகிறார். அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும். இன்னும் சொன்னால், இங்கே இன்னும் சுலபமாக முடிய வேண்டும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு எல்லாம் முன்மாதிரி. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் வாசலுக்கே வந்து பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் கொடுக்கிறது, தீராத நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நோய் ஆதரவுச் செவிலியரையும் அனுப்புகிறது. ஆள் இருக்கிறார், வண்டி இருக்கிறது, வாங்குகிற அமைப்பு இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பாடுபட்டு 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்த மாநிலம் இது. அவர் ஒரு டாக்டர், சட்டமன்றத்துக்குப் போனவர், அவரால் ஓர் ஆஸ்பத்திரியே கட்ட முடிந்தது. தீப்பெட்டி ஆபீஸ்காரி மகளான என்னால் ஒரு மடல்தான் எழுத முடியும்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையும் மார்ஃபின் வைத்துக்கொள்ள அங்கீகாரம் வாங்கியாக வேண்டும் என்று ஓர் உத்தரவு. 10 மில்லிகிராம் மாத்திரை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், கூடவே மலமிளக்கியும். அங்கே இருக்கும் ஒரு டாக்டருக்கும் ஒரு செவிலியருக்கும் பயிற்சி. சிறுநீரகத்தைப் பார்ப்பது, அளவை ஏற்றுவது, அளவு மிஞ்சினால் என்ன அறிகுறி தெரியும் என்பது, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதுதான். 2019-ல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே வலிச் சிகிச்சை இருக்கிறது, அதற்கு முன்னால் படித்து வந்தவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டாக்டர் ஒருமுறை பார்த்து எழுதிக்கொடுத்த பிறகு, அடுத்தடுத்த மாத்திரையை நோயாளியின் வீட்டார் வாங்கிப் போகலாம் என்று இருக்கட்டும். படுக்கையில் கிடப்பவரைப் பேருந்தில் ஏற்றி வரச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போகிற செவிலியர், கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள்.

மிச்சம் இருந்த மாத்திரைகளை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து, கையேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. மருந்து தவறான கைக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். குரோஸ் குரோஸாகப் பெட்டி எண்ணி வாழ்ந்த வீடுகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியும்.

இந்த மடலுக்குத் தனியாக எனக்குப் பதில் போட வேண்டாம். தமிழ்நாட்டில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் இன்றைய தேதிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது என்று மாவட்ட வாரியாக ஒரு பட்டியலை வெளியிடுங்கள், மாதம் ஒருமுறை அதைப் புதுப்பியுங்கள். இல்லாத ஊருக்கு நேராக இல்லை என்றே போடுங்கள். எங்கள் தெருவில் இப்போது இன்னொரு வீட்டில் ஒரு அத்தைக்கு வாயில் புற்று. அவர் மகன் எந்த ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும் என்று என்னிடம் கேட்கிறான். அவனிடம் காட்ட எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
கோவில்பட்டி வட்டாரம்